உடம்பென்னும் யந்திரமும் தமிழ்மொழியும்

உயிர் இருவினைப் பயனை நுகர்ந்து மலநீக்கம் பெறுதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து உதவிய கருவியே உடம்பு என்பது சைவசித்தாந்தத் துணிபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்டதேவர், சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில் ஆன்மாவின் உண்மையை நிறுவப் புகுந்தபோது, உடம்பை மாயையால் ஆகிய யந்திரம் என்றே குறித்தருளினார். யந்திரம் என்றமையால் இரண்டு பெறப்படும். பல உறுப்புக்கள் ஒன்றையொன்று பற்றி ஓர் ஒழுங்கில் இயங்குகின்றன என்பது ஒன்று. அதனைக் கொண்டு பயன்பெறுவோன் அதனின் வேறாவான் என்பது மற்றொன்று. இவற்றுள் பின்னையதனை நம் சந்தானாசாரியர்கள் ஐயந்திரிபற விளக்கினர். முன்னையதாகிய உறுப்புக்களின் அமைப்பும் தொழிலும் மேனாட்டு முறையில் ஆராயப்பட்டு, தமிழ்மொழியிலேயே கற்பிக்கப்பட்ட வரலாறும் ஒன்றுண்டு. அன்பர் பலர் அதனை அறியாராதலின் ஈண்டு எழுதப்படுகின்றது.

மேனாட்டில் இவ்வாராய்ச்சி தழைத்தது நெடுங்காலத்திற்கு முன்னன்று. 1543-ஆம் ஆண்டில் வெசாலியஸ் என்பவர், மனித உடலை அறுத்துத் தாம் கண்டவாறே உறுப்புக்களைச் சித்திரித்து நூல் வெளியிட்டார். ஈரல் இடையறாது புதிய இரத்தத்தை ஆக்குகின்றதென்றும், அஃது உறுப்புக்களிற் சென்று செலவாகிவிடுகின்றதென்றும் அந்நாள் வரை அங்குள்ளோர் நம்பினர். 1628-ல் இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹார்வி இதனை மறுத்தார். இருதயம் ஒருமுறை துடிக்குங்கால் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை அரைமணி நேரத்துத் துடிப்புக்களின் தொகையாற் பெருக்கினால், உடம்பிலுள்ள முழு இரத்தத்தினும் அது மிகுகின்றது. ஆதலின் சென்ற இரத்தமே மீண்டு வருதல் வேண்டும் என்பது அவர் காட்டிய யுக்தி. செல்லும் குழாயையும் மீளும் குழாயையும் இணைக்கும் மயிரினும் நுண்ணிய நாளங்களை 1661-ல் மல்பீகி என்பார் தவளையின் நுரையீரலிற் பூதக்கண்ணாடியாற் கண்டு வெளியிட்டார். கண்ணாற் காணுமுன் கணக்காற் கண்ட உண்மை இது.

இன்று அறிந்தவற்றுட் சில கூறுவாம். வளர்ந்த ஒருவரது இருதயம் ஓய்ந்திருக்கும்போது நிமிஷத்திற்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகின்றது. உடம்பிலுள்ள இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. இருதயத்தின் வலப்பகுதி இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். ஆங்குக் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளின் மெல்லிய சுவர் வழியாகப் பிராணவாயு உட்புகும், கரியமிலவாயு வெளிப்படும். தூய்மையுற்ற இரத்தத்தை இடப்பகுதி ஏற்று உடம்பெங்கும் செலுத்தும். சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி நீளமுடையதாய், செரித்த உணவின் சாரத்தை அவ்விரத்தத்திற்கு ஈயும். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகருவிகள் உள. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிக்கும் நீர் 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் அளவே கழிவாய் வெளிப்பட, ஏனையதெல்லாம் இரத்தத்திற்கே மீளும். ஓருறுப்பின் தொழில் பிறிதோருறுப்பின் தொழிலைச் சார்ந்தே நிற்றலை இவற்றால் அறியலாம்.

இவ்வித்தை தமிழிற் புகுந்த இடம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். நம் செட்டிநாட்டு மானகிரியினின்றும் தென்கிழக்கே தொண்டிக் கரையை அடைந்தால், அப்பால் ஒரு சிறுகடலே இடையிட்டிருப்பது அந்நாடு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847-ல் ஆங்கு வந்து, 1848-ல் மாணாக்கரைச் சேர்த்து வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேதான் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இருவரும் 1822-ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஒருவர் பரசமயம் பரப்ப வந்த கூட்டத்தைச் சார்ந்தவர். மற்றவர் அக்கூட்டத்தை எதிர்த்துச் சைவத்தைக் காத்தவர். எனினும், கல்வி தமிழர்க்குத் தமிழிற் சென்றாலன்றி வேரூன்றாது என்னும் ஒன்றில் இருவர் செயலும் ஒத்தன.

கிறீன் வைத்தியர் தமிழைக் கற்று, மேனாட்டு நூல்களைத் தமிழ்ப்படுத்தலாயினர். அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1857-ல் வெளிவந்தது. அங்காதிபாதமாவது உறுப்புக்களின் அமைப்பைக் கூறுவது. சுகரணவாதம் அவற்றின் தொழிலைக் கூறுவது. உற்பாலனம் சுகத்தைப் பேணும் நெறி கூறுவது. தாயகம் சென்று 1862-ல் மீண்டபின்னர், மாணாக்கர்க்குப் பாடங்களையும் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். மாணாக்கரின் துணையுடன் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய பெருநூல்கள் வெளிவந்தன. அவரிடம் பயின்றோர் 60-க்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையப் பாதியினர் தமிழிலேயே கற்றுத் தேறினர். தம்மிடங் கற்போர் நடையுடையில் மேனாட்டாராக மாறுதலையும் அவர் விரும்பிலர்.

சொல்லாக்கமே இப்பணியில் அரியது. ஈரல், குடல், மூளை, எலும்பு என்றாற்போலும் பெயர்கள் தமிழில் முன்னமே உள்ளன. ஆனால் நரம்பு என்னும் ஒரு சொல்லை உலகவழக்கில் இரத்தக்குழாய்க்கும், தசையைப் பிணிக்கும் நாணுக்கும், உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழைக்கும் வழங்குகின்றோம். அறுவை செய்வோனுக்கு இம்மயக்கம் ஆகாது. ஒரு சொல் ஒரு பொருளையே குறிக்குமாறு வரையறுத்தல் வேண்டும். தமிழில் உள்ளதைத் தமிழிலும், இல்லாததை வடமொழியிலும், இரண்டினும் அமையாததை ஆங்கில ஒலியைத் தமிழெழுத்திற் பெயர்த்தும் அவர்கள் கொண்டனர். கெமிஸ்தம் என்னும் நூற்பெயரே மூன்றாவதற்குச் சான்று.

கிறீன் வைத்தியர் 1873-ல் தம் நாடு சென்று 1884-ல் காலமானார். அவர் சென்றபின் தமிழ்வழி வைத்தியக்கல்வி நெடுநாள் நிலைபெறவில்லை. பின்னர் விபுலாநந்த அடிகள் முதலிய அறிஞர் 1936-ல் சென்னையிற் கூடி ஆராய்ந்த கலைச்சொற்கள் 1938-ல் நூலாயின. இந்நாளிலும் மருத்துவக் கல்லூரிகளிற் பாடமொழி ஆங்கிலமாகவே உள்ளது. தன் உடம்பில் நிகழ்வதைத் தன் மொழியிற் கேட்டறிய மாட்டாது நோயாளி வாளா இருக்கின்றான். இழப்பு அவனுடையதே.

உடம்பை யந்திரமாகக் காட்டும் இக்கல்வி உயிரை மறுப்பதாகுமோ எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. உறக்கத்தில் மூச்சு இயங்கவும், நுகர்ச்சியும் செயலும் இல்லாமையைக் காட்டி, பிராணவாயுவே ஆன்மாவன்று என மெய்கண்டதேவர் விளக்கினார். மூளையின் அடியிலுள்ள முகுளம் என்னும் பகுதி, நாம் எண்ணாதபோதும் மூச்சை நடத்துகின்றது என்று இன்றைய வைத்தியர் கூறுவர். மூச்சு நடப்பதும் நாம் அறிவதும் வேறு என்பது இதனாலும் பெறப்படும். மூச்சு நடக்கும் வகையை வைத்தியநூல் கூறும்; அறிபவன் யார் என்பதைச் சித்தாந்தம் கூறும். ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகுதல் வேண்டா.

பரசமயத்தார் வாயிலாக வந்ததென்று இவ்வித்தையைப் புறக்கணித்தலும், வித்தை தந்தாரென்று அவர் சமயத்தைத் தழுவுதலும் ஒருங்கே தவறாம். கருவியைத் தந்தவன் இறைவன். அதன் இயல்பை அறிந்து பேணுதல் அவனுக்குச் செய்யும் நன்றியே. ஆதலின் சைவச் சபைகளும் பாடசாலைகளும், தத்துவங்களின் தொகையைப் பயிற்றும்போதே உறுப்புக்களின் தொழிலையும் தெளிந்த தமிழிற் சிறார்க்குக் கற்பித்தல் கடனாகும். மானிப்பாயில் ஒருவர் தொடங்கி வைத்ததை நம்மவர் பலர் கூடித் தொடர்தல் அரிதன்று. திருவருள் துணைநிற்பதாக.