இணையத்துக்கும் குடிமராமத்து வேண்டும்



ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சைச் சீமையில் என்ன பேர் தெரியுமா? 'ரேடியோ நெல்'. 1960-களில் வானொலியில் கேட்டுக் கேட்டு ஊர் ஊராகப் பயிரிட்டதால் வந்த பேர் அது. விதை, உரம், தண்ணீர் மாதிரிச் சேதியும் ஒரு இடுபொருள்தான் என்பதை நம்ம பெரியவர்கள் அன்றைக்கே கண்டுகொண்டார்கள்.

இன்றைக்குச் சந்தை விலை, மழை எச்சரிக்கை, பணப் பட்டுவாடா எல்லாம் இணையத்தில் வருகிறது. அந்த இணைப்பு கிராமத்துக்கு வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் டெலிபோன். பட்டணத்து எக்ஸ்சேஞ்சுகள் குளிர்சாதன அறை கேட்டன. நம்ம ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் அவை ஒத்துவருமா? 1984-இல் மத்திய அரசு தொடங்கிய சி-டாட் நிறுவனம், குளிர்சாதனம் இல்லாமலே ஓடுகிற 128 இணைப்புச் சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் வைக்கப்பட்டது. மண்ணுக்கேற்ற விதை என்கிறோமே, அந்த மாதிரி.

1995 ஆகஸ்ட் 15-இல் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் ஆரம்பம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கரண்டை மட்டும் நம்பாமல் சூரிய ஒளித் தகடும் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரத்தைக் கணினியில் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதைக் கேட்டு மீனவர்கள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக்குக் கம்பியில்லா இணைப்பு வந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய நுட்பம் அது. ஊர்களில் இணைய நிலையங்கள் திறந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே பல நிலையங்கள் மூடப்பட்டன. நுட்பம் மட்டமா? இல்லை. வரும்படி கட்டவில்லை; நின்று கவனிக்கிற கைகளும் குறைந்துபோயின. ஏரி வெட்டினவர்கள் தூர்வார ஆள் வைக்காத கதைதான்.

2011-இல் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பிறகு அதற்குப் 'பாரத்நெட்' என்று பேர் வைத்தார்கள். இந்த இழையில் வெளிச்சம்தான் ஓடும், மின்சாரம் ஓடாது. 'அப்போ இடிக்குப் பயமில்லையே' என்பீர்கள். இழைக்குப் பயமில்லை, ஆனால் வீட்டிலிருக்கும் பெட்டி கரண்டில்தானே ஓடுகிறது? எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி வீட்டில் ஐப்பசி இடியில் பெட்டி கருகிப்போச்சு. பத்து நாள் இணைப்பு இல்லை. நெல் கொள்முதல் பதிவுக்குப் பக்கத்து ஊருக்கு அலைந்தார்.

ஆகவே இதையெல்லாம் கவனியுங்கள். மேகம் கறுக்கும்போதே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்; இடிக்க ஆரம்பித்த பிறகு தொட வேண்டாம். வீட்டு எர்த்தை எலக்ட்ரீசியனிடம் காட்டிச் சரிபாருங்கள். கரண்ட் போனாலும் இணைப்பு நிற்காமலிருக்க ஒரு சின்ன யு.பி.எஸ். போதும். பெட்டியைப் பீரோவுக்குப் பின்னாலோ அடுப்பங்கரையிலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், காற்றாட வையுங்கள். இழைக் கேபிளை ஆணியில் மடித்துக் கட்டாதீர்கள், அதில் துணி காயப்போடாதீர்கள்; இழை மடிந்தால் வெளிச்சம் கசிந்துவிடும். வரப்போரம் ஜே.சி.பி. விட்டுத் தோண்டும் முன்னே, கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரியுங்கள். உங்கள் ஒரு வெட்டில் ஊரே இருட்டாகும்.

களவுக்கும் காவல் வேண்டும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். 'மானியம் வந்திருக்கு, இந்தச் செயலியை இறக்குங்க' என்று சேதி வந்தால் தொடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை மறித்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

ஏரியை வெட்டினது ராஜா. ஆனால் அதைக் காப்பாற்றியது, வருஷா வருஷம் மண்வெட்டியோடு குடிமராமத்துக்கு இறங்கின நம்ம பாட்டன்மார். இணைப்பைக் கொண்டுவருவது சர்க்கார் வேலை என்றால், வாசலுக்கு வந்ததைக் காப்பது நம்ம வேலை. மழைக்காலம் வரும் முன்னே ஒரு நாள் ஒதுக்கி, வீட்டுப் பெட்டியையும் கேபிளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.