மூச்சு வாங்குகிறது என்பதற்காக நடையை நிறுத்தலாமா?

வன்னியில் காயப்பட்டவர்களைச் சந்தித்து எழுதும்போது நான் அடிக்கடி கேட்கும் சொல் "ஏலாது". "படலை வரைக்கும் போனாலே மூச்சு வாங்குது தம்பி, ஏலாது." நெஞ்சில் எறிகணைச் சிதறல் பட்டவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள், நெஞ்சுக்கூட்டில் தேங்கிய இரத்தத்தைக் குழாய் போட்டு எடுத்தவர்கள் எனப் பலர் இதைச் சொல்கிறார்கள். ஒரு காயமும் இல்லாமல், காலமெல்லாம் பன்னாடையும் தென்னோலையும் எரித்த புகைக்குள் நின்று சமைத்த அம்மாமாரும் சொல்கிறார்கள்.

மூச்சு வாங்குவதால் நடப்பதை விடுகிறார்கள். நடப்பதை விட்டதால் கால் தசை மெலிகிறது. தசை மெலிந்ததால் முன்னரைவிடக் குறைந்த தூரத்திலேயே மூச்சு வாங்குகிறது. சில வருடங்களில் முற்றம் கூட்டுவதும் கிணற்றடிக்குப் போவதும் பெரிய வேலையாகி, இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடுகிறது.

நடை என்ன செய்கிறது?

நடை பழுதான நுரையீரலைத் திருத்தாது. தழும்பு விழுந்த இடம் தழும்பாகவே இருக்கும். மாறுவது தசைகள்.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 தடவை மூச்செடுக்கிறார். அப்போது சுமார் 12 லீற்றர் காற்று உள்ளே போகிறது. கடும் உழைப்பின்போது இது 40 முதல் 60 மூச்சு, சுமார் 100 லீற்றர் என உயரும். பழக்கமில்லாத கால் தசை சிறு வேலைக்கே களைத்து, கூடுதல் காபனீரொட்சைட்டை இரத்தத்தில் சேர்க்கிறது. அதை வெளியேற்ற நுரையீரல் வேகமாக இயங்கவேண்டியுள்ளது. பழகிய தசை கிடைக்கும் ஒட்சிசனைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால், அதே தூரத்துக்கு நுரையீரலின் சுமை குறைகிறது.

இதனால்தான் நாட்பட்ட நுரையீரல் நோயாளர்களின் மறுவாழ்வுச் சிகிச்சையில் நடைக்கு முக்கிய இடம் உண்டு. '6 நிமிட நடைச் சோதனை' என்று ஒன்றும் இருக்கிறது. 30 மீற்றர் நீளமான சமதரையில் 6 நிமிடம் நடக்கவைத்து, கடந்த தூரத்தை அளப்பார்கள். இடையில் நின்று இளைப்பாறலாம்.

உடம்பில் துண்டு இருப்பவர்கள்

"நடந்தால் துண்டு அசைந்து இதயத்தில் குத்திவிடும்" என்று பயந்து வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் உண்டு. பல வருடம் கடந்த துண்டைச் சுற்றி, பெரும்பாலும் தழும்புத் திசு வளர்ந்து அதை இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். ஆனாலும் உங்கள் உடம்பில் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நடக்கலாம் என்பதை எக்ஸ்றே பார்த்த வைத்தியர்தான் சொல்லவேண்டும். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இதைக் கேட்கலாம். பழைய எக்ஸ்றே, கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டு போங்கள்.

எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் சமதரையில் 5 நிமிடம், காலையும் மாலையும். பிறகு வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். மணிக்கூடு இல்லையென்றால் மின்கம்பங்களை எண்ணுங்கள். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் சரியான வேகம். பேசவே முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

மூச்சு முட்டினால் நின்று, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விளக்கை அணைக்க ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுங்கள். சுவரிலோ மதிலிலோ கையை ஊன்றிச் சற்று முன்னால் சாய்ந்து நின்றால் மூச்சு விரைவில் அடங்கும். இன்ஹேலர் பாவிப்பவர்கள் அதைக் கையோடு கொண்டு போகவேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. ஒரு நாளில் 10 நிமிடப்படி மூன்று தடவை நடந்தாலும் கணக்கில் சேரும். செயற்கைக் காலோடு நடப்பவர்களுக்கு அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகும். எனவே மற்றவர்களின் தூரத்தோடு ஒப்பிடவேண்டாம்.

எங்கே, எப்போது?

குப்பை எரிக்கும் நேரத்தையும் வாகனப் புழுதி உள்ள வீதியையும் தவிருங்கள். 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்றால் பாடசாலைகளையே மூடவேண்டி வந்தது. அப்படியான நாட்களில் வீட்டுக்குள் நடப்பது நல்லது. பாடசாலை மைதானம், கோயில் வீதி, குளக்கட்டு போன்ற ஆட்கள் புழங்கும் இடங்களே பாதுகாப்பு. மிதிவெடி அகற்றி முடியாத பகுதிகளில் குறுக்குப் பாதையோ பற்றைப் பக்கமோ வேண்டாம். மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தில் இருந்தும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரையும் நடந்த சனத்துக்கு நடை என்றாலே இடப்பெயர்வுதான் நினைவுக்கு வரும். வெளியே இறங்கியதும் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது பயத்தாலும் வரலாம். அப்படியானவர்கள் தனியே போகாமல், அயலவர் ஒருவரோடு வெளிச்சத்தில் நடந்து பாருங்கள். இதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உடனே நிறுத்தவேண்டிய அறிகுறிகள்

நெஞ்சு வலி, தலைச்சுற்று, மயக்கம், இருமலில் இரத்தம், உதடு நீலமாதல், இளைப்பாறியும் அடங்காத மூச்சுத்திணறல். இவற்றில் எது வந்தாலும் 1990 அவசர அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், கட்டணம் இல்லை. காய்ச்சல் உள்ள நாட்களில் நடக்கவேண்டாம்.

எத்தனை மின்கம்பம் நடந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். "ஏலாது" என்று சொல்வதைவிட, "நாலு கம்பம் நடந்தேன், ஐந்தாவதில் மூச்சு முட்டியது" என்று சொன்னால் வைத்தியருக்கு உங்கள் நிலைமை தெளிவாக விளங்கும்.