பைத்தானும் போன் பூட்டும்

பைத்தானில் எழுதி போனோட உள்வசதியைத் தொட முடியலையா மக்கா? நிரலைக் குடையுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழங்கதை.

நோக்கியாவின் எஸ்60 பைத்தான் 2006-இல் திறமூலமாச்சு. போன் எந்தக் கோபுரத்தில் இருக்குன்னு கேட்க ஒரே வரி போதும். சிம்பியன் 9-இல் அதே வரிக்குக் கையொப்பமிட்ட அனுமதி தேவைப்பட்டது. இல்லேன்னா பிழைச்செய்திகூட இல்லாம வெறுங்கைதான்.

2009-இல் தொடங்கிய எஸ்எல்4ஏ, ஆண்ட்ராய்டுக்கு ஜேசான் வழியா தூது விட்டது. தூதருக்குத் தெரிஞ்ச முறைகள் மட்டுமே கிடைச்சன. பின்னாடி வந்த கிவி குழுவின் பைஜீனியஸ், ஜாவா வகுப்புகளை நேராவே கூப்பிட்டது. அதிலும் நான் ரெண்டு ராத்திரி முழிச்சேன். கடைசியில பார்த்தா, அனுமதிப் பட்டியல்ல இருப்பிடத்தைச் சேர்க்க நான்தான் மறந்திருக்கேன்!

2024-இல் பைத்தான் 3.13 ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டையும் அதிகாரபூர்வமா ஆதரிக்கத் தொடங்கிச்சு. இப்பவும் முதல்ல அனுமதியைப் பாருங்க, அப்புறம் நிரலை.