சுவிம்சேஃப் (வங்கதேசம்)

சுவிம்சேஃப் என்பது வங்கதேசக் கிராமங்களின் ஏழைச் சிறாருக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் இலவசமாகக் கற்பிக்கும் திட்டமாகும். 2000-களின் நடுப்பகுதியில் அந்நாட்டின் காயத் தடுப்பு ஆராய்ச்சி மையம், யுனிசெஃப், ஆஸ்திரேலிய ராயல் உயிர்காப்புச் சங்கம் ஆகியவை இதற்கு வித்திட்டன. நீச்சல் குளம் கட்டாமல், ஊர்க்குளத்திலேயே மூங்கில் கழிகளை ஊன்றி, நீரின் அடியில் மூங்கில் தளம் அமைத்து, அதன்மேல் குழந்தைகளை நிற்கவைத்துப் பழக்குவதே இதன் சிறப்பு. செலவு மட்டுப்பட்டதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களே ஆசிரியர்கள். 25 மீட்டர் நீந்தவும், 30 வினாடி மிதக்கவும், தத்தளிப்பவரைத் தண்ணீரில் குதிக்காமல் கரையிலிருந்தே கழி நீட்டி மீட்கவும் தெரிந்த பிள்ளையே தேறியதாகக் கொள்ளப்படும். நீச்சல் பழகும் வயதை எட்டாத மழலையருக்கு, தாய்மார் வீட்டுவேலையில் மூழ்கியிருக்கும் முற்பகலில் இயங்கும் ‘ஆஞ்சல்’ என்னும் காப்பகங்கள் துணையாயின. நன்கொடையை மட்டும் நம்பிய திட்டங்கள் நன்கொடை நின்றதும் முடங்குவது வழக்கம்; இங்கோ 2022-இல் அரசே இம்முறைகளை 16 மாவட்டங்களுக்கு விரிவாக்க ஒப்புதல் அளித்து, செலவின் பெரும்பங்கை ஏற்க, எஞ்சியதை அமெரிக்காவின் புளூம்பெர்க் அறக்கட்டளையும் பிரிட்டனின் ராயல் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனமும் பகிர்ந்துகொண்டன.