கணினி கேட்ட குரலும் கேட்கப்படாத மாணவர்களும்



வெளிநாட்டில் படிக்கவென்று ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் நமது ஊரில் இன்று பலர். பேச்சுப் பரீட்சைக்குப் புள்ளியிடவும் மோசடியைப் பிடிக்கவும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட காலம் இது. ஆகவே பிரித்தானியாவில் நடந்த ஒரு வரலாற்றை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

மாணவர் விசாவை நீடிக்க ஏற்கப்பட்ட ஆங்கிலப் பரீட்சைகளில் 'டோயிக்' என்பதும் ஒன்று. நடத்தியது ஈ.டி.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம். 2014 பெப்ரவரியில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி, பணம் கொடுத்தவர்களுக்காக வேறு ஆட்கள் பரீட்சை எழுதுவதை இரகசியக் கமராவில் காட்டியது. மோசடி நடந்தது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை.

அதன் பின் பேச்சுப் பரீட்சைப் பதிவுகள் குரல் அறியும் மென்பொருளிடம் கொடுக்கப்பட்டன. ஒரே குரல் பல பெயர்களில் வருகிறதா என்று அது தேடியது. அது சந்தேகித்தவற்றை இருவர் கேட்டுப் பார்த்தனர். 2011 முதல் 2014 வரையான 58,458 பரீட்சைகளில் 58 வீதம் 'செல்லுபடியற்றவை', 39 வீதம் 'சந்தேகத்துக்குரியவை' என்றார்கள். மிஞ்சியது நூற்றுக்கு மூன்று!

ஒரு வகுப்பில் நூற்றுக்கு 97 பிள்ளைகள் பார்த்தெழுதினார்கள் என்றால், முதலில் திருத்திய முறையைத்தான் நாம் சந்தேகிப்போம். ஆனால் உள்துறை அமைச்சு, அந்தச் சான்று சரியானதா என்று நிபுணரிடம் கேட்காமலேயே விசாக்களை ரத்துச் செய்யத் தொடங்கியது. தெற்காசிய மாணவர்கள் பலரின் படிப்பு பாதியில் நின்றது. நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே மேன்முறையீடு செய்யலாம் என்று பலருக்குச் சொல்லப்பட்டது.

2016இல் மேல் தீர்ப்பாயம் அரசின் சான்றுகளில் பல பலவீனங்களைச் சுட்டிக்காட்டியது. 2019இல் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை வந்தது. அதன்படி சுமார் 12,500 மேன்முறையீடுகளில் 3,600 வெற்றி பெற்றிருந்தன. எல்லோரும் ஒரே காரணத்தால் வெல்லவில்லை, மனித உரிமை அடிப்படையில் வென்றவர்களும் உண்டு. குற்றவாளிகளைப் பிடிப்பதில் காட்டிய வேகம் நிரபராதிகளைக் காப்பதில் இருக்கவில்லை என்பதே அந்த அறிக்கையின் சாரம்.

இதில் கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது. அது சந்தேகத்தைத்தான் எழுப்பியது. அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பாக மாற்றியவர்கள் மனிதர்கள்.

பெற்றோரே, பரீட்சைக்குப் பணம் கட்ட முன்னர் மூன்று விடயங்களைக் கேளுங்கள். புள்ளியை மனிதர் யாராவது பார்க்கிறாரா? முடிவு பிழை என்றால் யாரிடம் முறையிடுவது? பிள்ளையின் பதிவைத் திரும்பப் பெற முடியுமா? பற்றுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

ஆசிரியர்களான நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. "இது செயற்கை நுண்ணறிவு எழுதியது" என்று ஒரு செயலி சொன்னதற்காக ஒரு பிள்ளையைக் கள்ளன் ஆக்கிவிடக் கூடாது. முதலில் பிள்ளையை அருகில் அழைத்து, அது எழுதியதைப் பற்றி அதனிடமே கேட்போம்.