மோரிஸ் மைனர்: முன்சக்கரத் தொங்கமைப்பைக் கழற்றுதல்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான பிரித்தானியச் சிறு கார் மோரிஸ் மைனர் ஆகும். இக்காரைப் பழைய நிலைக்கு மீட்கும் பணியில் முன்சக்கரத் தொங்கமைப்பை, அதாவது சஸ்பென்ஷனை, முழுவதும் கழற்றிப் பார்ப்பது தவிர்க்க முடியாத கட்டமாகும். வெளித்தோற்றத்தில் குறையற்று ஓடும் வண்டியிலும் இதன் திருகுமரைகள் உள்ளுக்குள் தேய்ந்திருக்கலாம் என்பதும், அத்தேய்மானம் முற்றினால் சக்கரமே சாய்ந்துவிடும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

அமைப்பு

மைனரின் முன்புறத்தில் சுருள்வில்லோ பட்டைவில்லோ இல்லை. வண்டியின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக, தரைக்கடியில் கிடக்கும் எஃகு முறுக்குத்தண்டே (டார்ஷன் பார்) வில்லாகப் பணிபுரிகிறது. தண்டின் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையோடும், பின்முனை முன்னிருக்கைகளுக்குக் கீழுள்ள குறுக்குச்சட்டத்தில் பொருந்திய நெம்புகோலோடும் பற்களால் பிணைந்திருப்பதால், சக்கரம் மேலெழும்போது தண்டு முறுக்கேறி, பின் தளர்ந்து சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது. மேற்கையாக இருப்பதோ ஷாக் அப்சார்பரின் கையேயாகும். எனவே வேறு பல கார்களில் துணையுறுப்பாகக் கருதப்படும் ஷாக் அப்சார்பர் இங்கே சக்கரத்தைத் தாங்கும் கட்டமைப்பின் பகுதியாகிறது.

மேல், கீழ்க் கைகளுக்கிடையே நிமிர்ந்து நிற்கும் கிங் பின்னின் இரு நுனிகளிலும் திருகுமரை வெட்டப்பட்டிருக்கும். அந்நுனிகள் ட்ரனியன் எனப்படும் மரையிட்ட உலோகக் கட்டைகளுக்குள் திருகப்பட்டிருக்க, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கிங் பின் அம்மரைகளுக்குள்ளேயே சுழல்கிறது. முறுக்குத்தண்டு முறை இந்தியாவுக்கும் அறிமுகமானதே: மைனர் 1950களின் தொடக்கத்தில் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்கப்பட்டது, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடரும் முன்புறத்தில் முறுக்குத்தண்டுகளையே கொண்டிருந்தது.

ஆயத்தம்

சமதளத்தில், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே இளக்கியபின் வண்டியை உயர்த்தி, உடற்கூட்டின் உறுதியான பகுதிக்கடியில் தாங்கிகளை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவது உயிருக்கே ஆபத்தாகும். துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவைப்பதும், ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, கழற்றியவற்றை இடம், வலம் எனச் சீட்டெழுதித் தனித்தனிப் பெட்டிகளில் இடுவதும் பின்னர் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சுமையைத் தளர்த்துதல்

கழற்றும் பணியின் சாரம் வரிசையில் இருக்கிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலும் முறுக்குத்தண்டில் விசை மிச்சமிருப்பதால், மேல் இணைப்பையோ ஷாக் அப்சார்பரையோ எடுத்த எடுப்பில் கழற்றினால் கீழ்க்கை வேகமாகக் கீழே அறைந்து, அருகிலிருப்பவரின் கையை நசுக்கிவிடும். ஆகவே கீழ்க்கையின் வெளிமுனைக்கடியில் ஜாக்கியை வைத்து, ஷாக் அப்சார்பரின் கை அதன் கீழெல்லைத் தாங்கலைவிட்டு மேலெழும்வரை உயர்த்தி, விசை முழுவதையும் ஜாக்கியின்மேல் ஏற்றிக்கொள்வதே முதற்படியாகும்.

அதன்பின் டிரம்மும் பிரேக் தட்டும் கழற்றப்படுகின்றன. பிரேக் ஹோஸை மாற்றப்போவதில்லையெனில், தட்டை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். ஸ்டியரிங் இணைப்பின் பந்துமூட்டு கூம்புத் துளையில் இறுகியிருக்கும். நட்டைச் சில மரைகள் அளவுக்கு விட்டுவைத்து, துளையைச் சூழ்ந்த கண்ணின் இருபுறமும் இரண்டு சுத்தியல்களால் ஒரே நேரத்தில் தட்டினால் அது மரை கெடாமல் விடுபடும். அடுத்து மேல் ட்ரனியனை ஷாக் அப்சார்பரின் கையிலிருந்து பிரித்து, கிங் பின் தொகுதியை வெளிப்புறம் சாய்த்து, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் கீழ்க்கை தாழ்ந்து முறுக்குத்தண்டு விசையிழக்கும். அந்நிலை வந்த பின்னரே கீழ் ட்ரனியனின் அச்சு, கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிச் செல்லும் இழுவைக்கம்பி, கீழ்க்கையின் இரு பாதிகள் ஆகியவற்றைக் கழற்றலாம்.

ட்ரனியனை ஆராய்தல்

சக்கரம் கிங் பின்னை மேல்நோக்கித் தள்ள, முறுக்குத்தண்டு கீழ்க்கையைக் கீழ்நோக்கி அழுத்துவதால், வண்டியின் முன்பாரம் கீழ் ட்ரனியனின் மரைகளைப் பிடுங்கியெடுக்கும் திசையில் ஓயாது செயல்படுகிறது. மரைகளுக்கிடையே கிரீஸ் இருக்கும்வரை தேய்மானம் மெதுவாக நிகழும். கிரீஸ் வற்றி நீர் புகுந்தால் மரையின் முகடுகள் கூர்ந்து, மெலிந்து, ஒருநாள் கிங் பின் ட்ரனியனைவிட்டு உருவிக்கொள்ள, சக்கரம் மட்கார்டுக்கடியில் மடிந்துவிடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வண்டியை நிறுத்தும் வேளையில் இது நேர்வதுண்டு.

கழற்றிய பின்னைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நிலைமை தெரிந்துவிடும். நல்ல மரையின் முகடு தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். தேய்ந்தது கத்திமுனைபோல் இருக்கும். மரைக்குழிகளில் கருத்த கிரீஸுக்குப் பதிலாகச் செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால், அந்த மூட்டு நெடுங்காலம் வறண்டு ஓடியது என்று பொருள். ஒரு பக்க ட்ரனியன்களில் வலச்சுற்று மரையும் மறுபக்கத்தில் இடச்சுற்று மரையும் இருப்பதால் அவற்றை மாற்றிப் பூட்ட இயலாது.

முறுக்குத்தண்டும் உடற்கூடும்

தண்டைக் கழற்றுமுன் பின்முனை நெம்புகோலின் நிலையையும் பற்கள் பொருந்திய இடத்தையும் பெயின்டால் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டியின் முன்புற உயரம் அப்பொருத்தத்தையே சார்ந்தது. ஒரே திசையில் முறுக்கேறிப் பழகிய தண்டை மறுபக்கம் பொருத்தக் கூடாது. அதன் மேற்பரப்பில் விழும் சிறு கீறலும் நாளடைவில் விரிசலாக வளரக்கூடும் என்பதால், உளியோ அரைப்பானோ தண்டில் படக்கூடாது. வெப்பமூட்டுவதும் எஃகின் தன்மையைக் கெடுக்கும். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட மைனரில் தரைக்கடியிலுள்ள பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் போல்ட்டுகளைத் தண்டு மறித்து நிற்பதால், அந்தச் சிலிண்டரைச் செப்பனிடவும் இதுவே ஏற்ற தருணமாகும். மைனர் தனிச் சட்டகமில்லாத ஒற்றைக்கூட்டு வண்டியாதலால், தண்டின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தின் துருவை இப்போதே தட்டிப் பார்த்து, நைந்த தகட்டை வெட்டி வெல்டிங் செய்தபின்னரே புதிய உறுப்புகளைப் பூட்ட வேண்டும்.

மீண்டும் பூட்டுதல்

பூட்டும் வரிசை கழற்றியதற்கு நேரெதிரானது. ஆயினும் ரப்பர் புஷ்களின் நட்டுகளைச் சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்கள் நிரந்தரமாக முறுக்குண்டு விரைவில் கிழியும். கிரீஸ் ஏற்றுவதோ இதற்கு மாறானது: பாரம் மரைகளின் ஒரு பக்கத்தை இறுகச் சேர்த்துவிடுவதால், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டே, புதிய கிரீஸ் விளிம்பில் பிதுங்கும்வரை செலுத்த வேண்டும். சக்கர நேர்வரிசையைச் சரிபார்த்ததோடு மீட்புப்பணி முடிந்தாலும், ட்ரனியனுக்குக் குறித்த இடைவெளியில் கிரீஸ் இடும் கடமை வண்டி ஓடும் காலமெல்லாம் தொடர்கிறது.