தோற்றொழில் வளர்ச்சியிற் பல்கலைக் கழகத்தின் பங்கு

தமிழகத்தில் தோல் பதனிடும் தொழில் மிகப் பழமை வாய்ந்தது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துக் கைவினைஞரை எண்ணிச் செல்லுங்கால் தோல் வினைஞரையும் உடன் கூறுகின்றது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தும் முறையை மகன் தந்தையிடம் கைப்பழக்கத்தாற் கற்றான், ஏட்டினாற் கற்றானல்லன். இக்கைத்தொழில் இங்குக் கல்வி நிலையத்தாரின் ஆராய்ச்சிக்கு உரிய பொருளானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். கல்வி தொழிலைச் சார்ந்தபோது விளைந்த நன்மை யாது, பின்னர் விளைந்த கேடு யாது, அக்கேட்டினைக் களைவதிற் கல்வி நிலையங்கள் ஆற்றிய பணி யாது என்னும் மூன்றனையும் வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாட்டர்டன் தொடங்கிய முயற்சி

சென்னையில் 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதே பிற்காலத்துக் கிண்டிப் பொறியியற் கல்லூரியாகும். அளவையாளரையும் அணை, பாலம், சாலை அமைப்போரையும் அரசுக்குப் பயிற்றித் தருவதே அதன் முதற்பணியாக இருந்தது. அக்கல்லூரிக்கு 1888ஆம் ஆண்டிற் பேராசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் கற்பித்தலோடு அமையாது, நாட்டுத் தொழில்களையும் ஆராயத் தலைப்பட்டார். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1898ஆம் ஆண்டு அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

அவர்தம் கருத்து அடுத்துச் சென்றது உழவர் கிணற்றின்பாலாம். அக்காலத்தில் மாடு பூட்டிய கவலையால் நீர் இறைத்தற்குத் தோற்சால் இன்றியமையாதது. பட்டையாற் பதனிட்ட தோல் நீரில் ஊறி விரைவிற் கெட்டது. குரோமிய உப்பினாற் பதனிட்ட தோலோ நீரைத் தாங்கி நெடுநாள் உழைக்க வல்லது. ஆதலின் 1903ஆம் ஆண்டில் குரோமியப் பதனீட்டுச் சோதனைகளைச் சென்னையில் அவர் தொடங்கினார். அச்சோதனை அரசின் தோற்சாலையாகவும் வளர்ந்தது. ஆயின், அரசு தொழில் நடத்துதல் தனியார்க்குப் போட்டியாகும் என ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபு 1910ஆம் ஆண்டில் விடுத்த ஆணை இத்தகைய முயற்சிகளைத் தடுத்தது, தோற்சாலையும் கைமாறியது. கற்பிக்கலாம், தொழில் நடத்தலாகாது என்பதே அவ்வாணையின் சாரம். அறிவு தொழிலின் வாயில்வரை சென்று அங்கேயே நிற்க வேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று.

பல்கலைக் கழகமும் ஆராய்ச்சி நிலையமும்

அந்நிலை மாறியது ஆ. இலக்குமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக விளங்கிய காலத்தில் (1942-1969) எனலாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்க, 1944ஆம் ஆண்டில் தொழில் நுட்பக் கல்லூரி ஒன்று பல்கலைக் கழகத்தின்கண் தோன்றியது. தோல் நுட்பம் அங்கு ஒரு பாடமாயிற்று. அதனை அடுத்தே 1948ஆம் ஆண்டில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. கல்லூரி மாணவர் ஆராய்ச்சி நிலையத்திற் பயின்றனர். ஆராய்ச்சியாளர் மாணவர்க்கு ஆசிரியராயினர். 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக விளங்கிய நாயுடம்மா இத்தொடர்பினைத் தோற்சாலைகள் வரைக்கும் விரிவாக்கினார். 1978ஆம் ஆண்டில் அக்கல்லூரி அண்ணா பல்கலைக் கழகத்தின் பகுதியான பின்னரும் இவ்வுறவு அறாது நிற்றல் குறிப்பிடத்தக்கது.

பாலாற்றின் கேடு

அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்தலை அரசு 1970களிற் கட்டுப்படுத்தி, முற்றும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்கியது. வாரக் கணக்கில் நடைபெறும் பட்டைப் பதனீட்டினும் ஓரிரு நாளில் முடியும் குரோமியப் பதனீடே இதற்கு ஏற்றதாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய பாலாற்றங்கரை ஊர்கள் செல்வத்தாற் சிறந்தன. ஆனால் தொட்டியில் இட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினைத் தோல் ஏற்பதில்லை. அது கழிவு நீரோடு வெளியேறும். பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் கறியுப்பும் அவ்வாறே நிலத்திற் சேரும்.

இதன் விளைவினை அளந்து கூறியதும் ஒரு பல்கலைக் கழகமேயாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்வு, தோற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகாததாயிற்று எனக் காட்டியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு இவ்வளவினை எடுத்துக் கூறுகின்றது. மாசு செய்தவனே இழப்பீடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு உறுதி செய்தது.

உழவன் கிணற்றிலிருந்து நீரை எளிதில் இறைத்தற்பொருட்டு இந்நாட்டிற் சோதிக்கப்பெற்ற குரோமியத் தோல், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அக்கிணற்று நீரையே கெடுத்தது. இக்கேட்டிற்குக் காரணம் கல்வியன்று. தோலை ஆராய்ந்த அளவிற்குத் தோல் கழுவிய நீரை ஆராயாமையே காரணம் எனல் பொருந்தும்.

பரிகாரம்

கழிவினின்று குரோமியத்தை மீட்கும் முறை, கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம், நீரின்றிக் குரோமியம் ஏற்றும் பதனீடு ஆகியன தோல் ஆராய்ச்சி நிலையத்தார் ஈடுபட்டுழைத்த துறைகளாம். மீட்பு முறை எளியது: கழிவு நீரில் மக்னீசிய ஆக்சைடு முதலிய காரம் இட்டுக் குரோமியத்தைப் படியச் செய்து, அப்படிவைக் கந்தக அமிலத்திற் கரைத்து மீண்டும் பயன்படுத்துவர். கரைந்த உப்பினை நீக்கலோ அரிது. அதற்குச் சவ்வூடு வடித்தலும் ஆவியாக்கலும் வேண்டப்படுதலின் செலவு மிகும். சிறு தோற்சாலைகள் தனித்துச் செய்யவியலா இச்செலவினைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளுதற்கே கூட்டு நிலையங்கள் எழுந்தன. எனினும், பாலாற்று மாசு குறித்து 2025ஆம் ஆண்டு சனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புக் கூற வேண்டியிருந்தமை, பணி முற்றுப் பெறவில்லை என்பதற்குச் சான்றாகும்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால், பல்கலைக் கழகம் தொழிலுக்குச் செய்யும் துணை இருவகைத்து என்பது பெறப்படும். புதுமுறை காட்டி ஆக்கம் தருதல் ஒன்று. அம்முறையால் நிலத்திற்கும் நீர்க்கும் நேர்வதனை அளந்து கூறுதல் மற்றொன்று. முன்னதைத் தொழில் நடத்துவோர் விரும்பி வேண்டுவர். பின்னதை வேண்டுவார் அரியர். வேண்டாதபோதும் அதனைச் செய்தற்கு உரிய நிலையம் பல்கலைக் கழகமே. தமிழகத்துத் தோற்றொழிலில் முதற்பணிக்கும் இரண்டாம் பணிக்கும் இடையே பல பதின்மம் ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைவெளியின் விலையைக் கொடுத்தவர் பாலாற்றங்கரை உழவராவர். இனி எழும் தொழில்களில் இவ்விரு பணியும் ஒருங்கே தொடங்குதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.